ஷின்சானின் முடியாத லீவு: இந்த வீடியோ கேம் உண்மையில் யாருக்காக?

ஷின்சானுக்கு வயது 5. 1992 ஏப்ரலில் ஜப்பான் டிவியில் முதன்முதலாக வந்தபோதும் 5, இப்போதும் 5. அம்மா மிட்ஸிக்கு 29. அப்பா ஹேரிக்கு 35. நடுவில் ஹிமாவாரி என்று ஒரு தங்கச்சி பிறந்தாள், அவளும் இன்னும் தவழ்ந்துகொண்டேதான் இருக்கிறாள். 30 வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாருக்கும் வயது ஏறவில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் ஏறிவிட்டது.

இந்தியாவில் ஷின்சான் 2006ல் ஹங்காமா டிவியில் வந்தான். தமிழிலும் பேசினான். 2008ல் பிள்ளைகளைக் கெடுக்கிறான் என்று புகார் கிளம்பி மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தடை போட்டது. அடுத்த வருஷம் சில இடங்களில் கத்தரி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். "ஷின்சான் மாதிரி வாய் பேசாதே" என்று வீட்டில் திட்டு வாங்கிய தலைமுறை ஒன்று தமிழ்நாட்டிலும் உண்டு. அன்றைக்குப் பத்து வயதில் பார்த்தவர்கள் இப்போது மிட்ஸியின் வயதைத் தொட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் ஹேரியின் வயது. அவர்களில் பலருக்கு இப்போது ஷின்சானின் சேட்டையை விட, ராத்திரி களைத்துப் போய் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும் அவன் அப்பாவைத்தான் நன்றாகப் புரிகிறது.

இந்த இடத்தில்தான் ஒரு வீடியோ கேம் உள்ளே வருகிறது. 2021 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்காக வெளியானது. பெயர் கொஞ்சம் நீளம். தமிழில் சொன்னால் 'கிரேயான் ஷின்சான்: நானும் புரொஃபசரும் கோடை லீவில் – முடியாத ஏழு நாள் பயணம்' என்று வரும். 2022 ஆகஸ்டில் ஆங்கிலத்தில் உலகம் முழுக்க வந்தது. பிசி, பிஎஸ்4 பதிப்புகளும் அதோடு சேர்ந்து வந்தன.

குழந்தைகள் கார்ட்டூனை வைத்து எடுத்த கேம். ஆனால் இதைத் தேடிப்போய் வாங்கியவர்களில் குழந்தைகள் மட்டும் இல்லை. ஏன்?

கதை என்ன?

ஹேரிக்கு கியூஷு தீவில் ஆபீஸ் வேலை. ஜப்பானின் பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது அது. அங்கே இருக்கும் குமமோட்டோ மாவட்டம்தான் மிட்ஸியின் சொந்த ஊர்ப்பக்கம். சரி, எல்லோருமே போய்விடலாம் என்று குடும்பம் மொத்தமும் கிளம்புகிறது. தங்குவது மிட்ஸியின் சிறுவயதுத் தோழி வீட்டில். ஊர் பெயர் அஸ்ஸோ. நிஜத்தில் குமமோட்டோவில் 'அசோ' என்று ஓர் எரிமலைப் பகுதி இருக்கிறது. எரிமலைவாய் என்றால் ஏதோ மலை உச்சியில் இருக்கும் குழி என்றுதானே நினைப்போம்? அசோவின் பெரும்பள்ளம் தெற்கு வடக்காக 25 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 18 கிலோமீட்டர். அதற்குள்ளேயே ஊர், வயல், ரயில் பாதை எல்லாம் இருக்கின்றன. கேமில் வரும் பச்சைப் புல்வெளியும் தூரத்து மலைவிளிம்பும் அங்கிருந்து வந்தவை.

குமமோட்டோ ஸ்டேஷனில் இறங்கியதும் விசித்திரமான ஒரு மனிதர் ஷின்சானைப் பார்க்கிறார். புரொஃபசர் அக்குனோ. ஜப்பானிய மொழியில் 'அக்கு' என்றால் தீமை. பெயரிலேயே வில்லன் போர்டு மாட்டிக்கொண்டு திரிகிறவர். அவர் ஒரு கேமராவைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்தக் கேமராவில் எடுத்த படங்கள், கிரேயானில் வரைந்தது போல, ஷின்சானின் பட டைரியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கப்புறம் ஏழு நாள். ஷின்சான் வலையை எடுத்துக்கொண்டு பூச்சி பிடிக்கிறான். ஆற்றில் தூண்டில் போடுகிறான். பெரியவர்கள் சொல்லும் எடுபிடி வேலை செய்கிறான். ஊரில் நான்கு பிள்ளைகள், எல்லோரும் அவனுடைய பள்ளி நண்பர்கள் மாதிரியே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் இல்லை. அழகான அக்காக்களைப் பார்த்தால் வழக்கம்போல வழிகிறான். ஒருநாள் பார்த்தால் ஊருக்குள் டைனோசர் நடந்து போகிறது. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. உள்ளூரில் ஒரு பத்திரிகை ஆபீஸ்கூட இருக்கிறது. டைரியில் சேர்த்த சமாசாரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால் செய்தியாகும், சந்தாதாரர்கள் கூடுவார்கள், ஷின்சானுக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும். ஐந்து வயதுப் பையன் பூச்சி பிடித்த செய்திக்கு சந்தா ஏறும் பத்திரிகை ஆபீஸ் கேமில்தான் இருக்க முடியும்.

ஏழாவது நாள் முடிகிறது. கிளம்ப வேண்டியதுதான் என்று நினைக்கும்போது, புரொஃபசரின் வேலையால் வாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. தலைப்பில் இருக்கும் 'முடியாத' என்ற வார்த்தை இதுதான். முழுக் கதையையும் இங்கே சொன்னால் விளையாடப் போகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கார்ட்டூன் கேம் என்றாலே ஏன் பயம்?

சினிமா, டிவி பெயரை வாங்கி எடுக்கும் கேம்களுக்கு நெடுங்காலமாகக் கெட்ட பெயர். 1982ல் 'இ.டி.' படத்தை வைத்து அட்டாரி வெளியிட்ட கேம், கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் வரவேண்டும் என்று சுமார் ஐந்து வாரத்தில் எழுதி முடிக்கப்பட்டது. விற்காமல் மிஞ்சிய கேட்ரிட்ஜ்களை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அலமோகோர்டோ என்ற ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைத்தார்கள். ரொம்ப நாள் இது கட்டுக்கதை என்றே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2014ல் தோண்டிப் பார்த்தபோது நிஜமாகவே வெளியே வந்தன.

கையடக்கக் கருவிகளில் நிலைமை இன்னும் மோசம். கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் காலத்தில் ஒரு கார்ட்டூன் கொஞ்சம் ஓடினால் போதும், அதன் பெயரில் ஒரு கேட்ரிட்ஜ் கடைக்கு வந்துவிடும். உள்ளே ஒரே சங்கதி. இடமிருந்து வலமாக ஓடு, தாவு, காசு பொறுக்கு. நாயகன் முகம் மட்டும் மாறும். பாட்டி வாங்கித் தரும் பிறந்தநாள் பரிசு என்ற கணக்கில் விற்றவை அவை. பாட்டி விமர்சனம் படிக்க மாட்டார்.

விதிவிலக்குகளும் உண்டு. கேப்காம் 1989ல் எடுத்த 'டக் டேல்ஸ்' அடுத்த வருஷம் கேம் பாய்க்கும் வந்தது. அதில் ஸ்க்ரூஜ் மாமா தன் கைத்தடியையே ஸ்பிரிங் மாதிரி ஊன்றித் துள்ளுவார். கேம் முழுக்க அந்த ஒரு துள்ளலில் நிற்கிறது. கதாபாத்திரத்தின் கையில் ஏற்கெனவே இருந்த பொருளிலிருந்து ஆட்டத்தை எடுத்தார்கள், அதனால் பிழைத்தது.

ஷின்சானில் அப்படி எதை எடுப்பது? தொடரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பெரிதாக எதுவுமே நடக்காது. மிட்ஸி தள்ளுபடியில் துணி வாங்கப் போவாள். ஹேரி லேட்டாக வருவான். நாய் ஷிரோவுக்குச் சோறு வைக்க மறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள். இதில் எங்கே போய்த் தாவுவது, யாரைக் குத்துவது? சும்மா இருப்பதையே விளையாட்டாக மாற்றத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

சும்மா இருப்பதற்கு ஒரு கேம்

காஸ் அயாபே. 1965ல் பிறந்தவர். அவருடைய 'மில்லேனியம் கிச்சன்' நிறுவனம் 2000 ஜூனில் பிளேஸ்டேஷனுக்காக 'போகு நோ நட்சுயாசுமி' என்ற கேமை எடுத்தது. 'என் கோடை லீவு' என்று பொருள். 'போகு' என்றால் 'நான்'. பையனின் பெயரே அதுதான். காலம் 1975 ஆகஸ்ட். அம்மாவுக்குப் பிரசவ நேரம் என்பதால் ஒன்பது வயதுப் பையனை நாட்டுப்புறத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 31 நாள். பூச்சி பிடிக்கலாம், பட்டம் விடலாம், ஒன்றுமே செய்யாமல் தூங்கப் போகலாம். கதை சொல்லும் குரல் மட்டும் ஒரு பெரியவருடையது. வளர்ந்துவிட்ட 'போகு' திரும்பிப் பார்த்துப் பேசுகிறான்.

ஜப்பானில் பள்ளிக் கோடை லீவு ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முடிய ஓடும். அதற்கென்றே சில சடங்குகள் உண்டு. காலையில் தெருப் பிள்ளைகள் கூடி ரேடியோ உடற்பயிற்சி செய்வது. இந்த ரேடியோ உடற்பயிற்சி 1928ல் ஆரம்பித்தது. தினமும் ஒரு படமும் நான்கு வரியும் எழுத வேண்டிய பட டைரி வீட்டுப்பாடம். வண்டு பிடித்துப் பெட்டியில் வளர்ப்பது. பிறகு தாத்தா பாட்டி ஊர். நம்ம ஊர் மே மாத லீவை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டுக்குப் பதில் பொன்வண்டு, டைரிக்குப் பதில் ஹாலிடே ஹோம்வொர்க் நோட்டு.

போகு தொடரில் நான்கு கேம்கள் வந்தன. நான்காவது 2009ல் சோனியின் கையடக்கக் கருவியான பிஎஸ்பியில் வந்தது. அதோடு தொடர் நின்றுபோனது. நான்கில் ஒன்றுகூட ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாக வரவில்லை. இரண்டாவதை மட்டும் 2023ல் ரசிகர்களே உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். நடுவில் 2013ல் நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்காக அயாபே 'அட்டாக் ஆஃப் தி ஃபிரைடே மான்ஸ்டர்ஸ்' என்று ஒரு குட்டி கேம் எடுத்தார். 1971ல் டோக்கியோ ஓரத்தில் ஓர் ஊர், வெள்ளிக்கிழமைதோறும் அங்கே ராட்சத மிருகங்கள் வரும். ஷின்சான் கேமில் ஊருக்குள் டைனோசர் சாதாரணமாக நடந்து போவது எங்கிருந்து வந்தது என்று இதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆக, நின்றுபோன தொடரை வேறு பெயரில் தொடர அயாபேவுக்கு ஒரு வழி. ஷின்சானுக்கு அவன் தொடரோடு பொருந்துகிற ஒரு கேம். இரண்டு பக்கமும் லாபம். தலைப்பிலேயே இந்தக் கைமாற்றம் தெரிகிறது. பழைய தொடரில் 'போகு', அடக்கமான பையன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் 'நான்'. புதியதில் 'ஒரா', ஷின்சான் வாயிலிருந்து வரும் நாட்டுப்புறத்து 'நான்'. நம் மொழியில் பாடப் புத்தகத்து 'நான்' ஒன்று, தெருவில் நின்று சொல்லும் 'நா' ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரிய மாற்றம் நேரத்தில்தான். போகுவுக்கு 31 நாள், போனால் போனதுதான். ஆகஸ்ட் 31 நெருங்க நெருங்க விளையாடுகிறவருக்கே வயிற்றைப் பிசையும். ஷின்சானுக்கு ஏழு நாள், ஆனால் அந்த வாரம் திரும்பி வரும். பிடிக்காமல் விட்ட மீனை அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லீவு முடியாமல் இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆகஸ்ட் 32

இந்தக் கேள்விக்கு ஜப்பான் இணையத்தில் ஒரு பயங்கரமான பதில் உண்டு. போகு தொடரின் பழைய கேம் ஒன்றில் ஒரு பிழை. குறிப்பிட்ட விதத்தில் விளையாடினால் ஆகஸ்ட் 31ல் முடிய வேண்டிய கேம் முடியாது. மறுநாள் விடியும். தேதி ஆகஸ்ட் 32.

அந்த நாளுக்கென்று யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லையே! அதனால் வீட்டில் இருக்க வேண்டிய மனிதர்கள் காணாமல் போவார்கள். படங்கள் சிதையும். டைரியில் இருக்கும் எழுத்து எழுத்தாக இருக்காது. வெயில் மட்டும் அப்படியே அடித்துக்கொண்டிருக்கும். இது திட்டமிட்டு வைத்த பேய்க்கதை கிடையாது, வெறும் புரோகிராம் கோளாறு. ஆனாலும் அங்கே 'ஆகஸ்ட் 32' என்றால் பலருக்கு இன்றைக்கும் லேசாகச் சிலிர்க்கும். லீவு முடியவே கூடாது என்று சின்ன வயதில் எல்லோரும் வேண்டிக்கொண்டிருப்பார்கள். அந்த வேண்டுதல் பலித்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு மெஷின் காட்டிவிட்டது.

ஷின்சான் கேமில் வாரத்தைத் திரும்ப ஓட்டுவது வில்லன் வேலை என்று ஏன் வைத்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். முடியாத லீவை ஷின்சான் கேட்கவில்லை. ஒரு பெரியவர் அதை அவன்மேல் திணிக்கிறார்.

ஷூ நாத்தமும் ஒரு சினிமாவும்

இதில் இன்னொரு சுவாரஸ்யம், ஷின்சான் உலகம் இந்த விஷயத்தை 20 வருஷம் முன்னாடியே பேசிவிட்டது. 2001ல் கெய்ச்சி ஹாரா இயக்கிய ஷின்சான் சினிமா ஒன்று வந்தது. 'பெரியவர்கள் சாம்ராஜ்யத்தின் எதிர்த்தாக்குதல்' என்பது போன்ற தலைப்பு. ஜப்பான் அனிமேஷன் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் ஷின்சான் படங்களில் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

'இருபதாம் நூற்றாண்டுக் கண்காட்சி' என்று ஒரு தீம் பார்க். பெரியவர்கள் அங்கே போய்த் தங்கள் சின்ன வயது டிவி சூப்பர்ஹீரோவாக வேஷம் கட்டி விளையாடுகிறார்கள். 1970ல் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியை மறுபடி பார்க்கிறார்கள். அதை நடத்தும் கும்பல், பழைய காலத்து வாசனையையே ஆயுதமாக ஊருக்குள் பரப்புகிறது. முகர்ந்தவர்கள் குழந்தைகளாகிவிடுகிறார்கள். வேலையை மறந்து, சமையலை மறந்து, பெற்ற பிள்ளைகளையே மறந்து போய்விடுகிறார்கள். ஊரில் மிஞ்சுவது நிஜக் குழந்தைகள் மட்டும்.

சின்னப் பையனாகிவிட்ட ஹேரியை ஷின்சான் எப்படி மீட்கிறான் தெரியுமா? அப்பாவின் ஷூவைக் கழற்றி மூக்கில் வைக்கிறான். தொடர் முழுக்க ஓடிய பழைய ஜோக், ஹேரியின் கால் நாத்தம். அந்த நாத்தத்தில் அவன் வாழ்க்கை முழுக்கத் திரும்பி வருகிறது. அப்பாவின் சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்து போனது, காதல் தோற்றது, வேலைக்குச் சேர்ந்து திட்டு வாங்கியது, மிட்ஸியைப் பார்த்தது, ஷின்சான் பிறந்தது, ராத்திரி வீட்டுக்குத் திரும்பியது. வசனமே இல்லாமல் சில நிமிஷம். குழந்தைகளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போன பெற்றோர்தான் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள் என்று சொல்வார்கள்.

கடைசியில் ஷின்சான் ஒரு கோபுரத்தின் படிகளில் ரத்தம் வர வர ஓடி அந்தக் கும்பலைத் தடுக்கிறான். ஏன் தடுத்தாய் என்று கேட்டால், தனக்குப் பெரியவனாக ஆசை என்கிறான். 30 வருஷமாக 5 வயதிலேயே நிற்கும் பையன் சொல்கிற பதில் அது.

இந்தப் படத்தைப் பார்த்தவருக்கு, அதே ஷின்சான் பெயரில் பழைய வெயிலையும் பூச்சி வலையையும் பெரியவர்களுக்கு விற்கும் ஒரு கேம் வந்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். 2021ல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் வந்தது வேறு. இதுவும் ஒரு வாசனை பாட்டில்தானே?

பாதி அப்படித்தான். கேமில் வரும் காட்சிகள் கையால் வரைந்த ஓவியம் மாதிரி இருக்கின்றன. வயல் ஓரத்தில் நின்றால் பூச்சிச் சத்தம், தூரத்தில் ரயில் சத்தம். ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து கையில் வைத்துப் பார்க்கும்போது அதன் வேலையை அது சரியாகவே செய்கிறது. பெரிய டிவியில் பார்ப்பதை விட ஸ்விட்ச்சின் 6.2 அங்குலத் திரையில் இது பொருந்துகிறது. பட டைரி என்பதே மடியில் வைத்துப் பார்க்கும் சமாசாரம்.

மீதிப் பாதி, கதையில் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதற்கு ஹேரியைப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு லீவு இல்லை

மொத்தக் குடும்பமும் கியூஷு வந்தது எதற்காக? ஹேரியின் ஆபீஸ் வேலைக்காக. ஷின்சானுக்கு இது கோடை லீவு, ஹேரிக்கு இது வெளியூர் டியூட்டி. ஒரே ஊர், ஒரே வாரம்.

தொடரில் ஹேரி யார் என்று ஞாபகம் இருக்கும். டோக்கியோவில் ஒரு வர்த்தக கம்பெனியில் நடுத்தர நிலை ஊழியன். பக்கத்து மாவட்டமான சைத்தாமாவில் கசுகபே என்ற ஊரிலிருந்து தினமும் ரயிலில் நெருக்கியடித்துப் போகிறான். வீட்டு லோன் இன்னும் 32 வருஷம் பாக்கி என்று அவன் புலம்பாத வாரம் கிடையாது. அதுவும் குறைவதே இல்லை. (ஆகஸ்ட் 32, லோன் 32. தற்செயல்தான்.) சின்ன வயதில் பார்த்தபோது அந்த லோன் வசனம் காதிலேயே விழுந்திருக்காது. ஈஎம்ஐ பிடித்தம் மெசேஜ் வரும் மொபைலில் மீம் ஆகப் பார்க்கும்போது விழுகிறது.

சொல்லப்போனால் ஷின்சான் பிறந்ததே பெரியவர்களுக்காக. யோஷிட்டோ உசுய் 1990ல் இந்தக் காமிக்ஸைத் தொடங்கியது 'மங்கா ஆக்‌ஷன்' என்ற வார இதழில். அது வேலைக்குப் போகும் ஆண்கள் ரயிலில் படித்த பத்திரிகை. உசுய் 2009ல் மலையேறப் போன இடத்தில் விழுந்து இறந்தார். சம்பளக்காரன், அவன் மனைவி, லோன், மாமியார் என்று அவர் வரைந்ததெல்லாம் அந்த ரயில் பயணிகளைப் பார்த்துத்தான். டிவிக்குப் போனபோது குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு வந்தபோது முழுக்கக் குழந்தைகள் சரக்காகவே வந்தது, அப்படி வந்ததால்தான் 2008ல் தடையும் வந்தது. இப்போது அதே குழந்தைகள் வேலைக்குப் போகிறவர்களாகி, ரயிலில், பஸ்ஸில், கையடக்கத் திரையில் அதே குடும்பத்தைப் பார்க்கிறார்கள். உசுய் யாரை நினைத்து வரைந்தாரோ, சுற்றி வளைத்து அந்த வாசகரிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது.

அதனால்தான் இந்த கேம் வெறும் வாசனை பாட்டிலாக நின்றுவிடாமல் தப்பிக்கிறது என்று தோன்றுகிறது. 2001 படத்தின் தீம் பார்க்கில் பெரியவர்கள் தாங்கள் பெரியவர்கள் என்பதையே மறந்துவிடுவார்கள். இங்கே மறக்க முடியாது. நீங்கள் ஷின்சானை ஓட்டுகிறீர்கள். உங்கள் லீவுக்கான டிக்கெட் காசு யாருடைய ஆபீஸ் வேலையிலிருந்து வந்தது என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. 10 வயதுப் பிள்ளை அதைத் தாண்டி பூச்சி பிடிக்க ஓடிவிடும். 28 வயதுக்காரருக்கு அது கொஞ்சம் தடுக்கும்.

சரி, விளையாடலாமா?

குறைகள் இல்லாமல் இல்லை. கேமரா ஒவ்வொரு இடத்திலும் நிலையாக நிற்கிறது, திரை மாறும்போது திசை குழம்பும். வந்த வழியிலேயே திரும்பி ஓடிவிடுவீர்கள். ஊர் சின்னது. எடுபிடி வேலைகள் கொஞ்ச நேரத்தில் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. 'அதைக் கொண்டு வா, இதைக் கொண்டு போ' என்பதை வீட்டிலேயே போதுமான அளவு செய்கிறவர்களுக்கு நடுப்பகுதி இழுக்கும். ரொம்ப நீளமான கேமும் கிடையாது. ஒரே மூச்சில் முடிப்பதை விட, ஒரு நாளைக்கு கேமின் ஒரு நாள் என்று ஓட்டினால் நன்றாக இருக்கும். முழு விலைக்கு வாங்கலாமா என்றால் யோசிக்கலாம், ஆஃபரில் வந்தால் தாராளமாக வாங்கலாம்.

நின்டெண்டோ இந்தியாவில் ஸ்விட்ச்சை அதிகாரபூர்வமாக விற்பதில்லை. இங்கே கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை இறக்குமதியானவை, வாரண்டியை ஒன்றுக்கு இரண்டுமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் இல்லாதவர்கள் ஸ்டீமில் பிசி பதிப்பை வாங்கலாம். வசனம் ஆங்கிலத்தில் எழுத்தாக ஓடும், பேசுவது ஜப்பானியக் குரல்கள். தமிழ் இல்லை. முதல் பத்து நிமிஷம் அந்தக் குரல் அந்நியமாக இருக்கும். ஷின்சான் தமிழில்தான் பேசுவான் என்று ஊறிப்போன காதுக்கு, அவன் அசல் குரலே டப்பிங் மாதிரி கேட்கும்.

பிடித்துப்போனால் அடுத்துப் பார்க்க இரண்டு இருக்கின்றன. அயாபே 2023ல் 'நட்சுமோன்' என்று தன் சொந்தக் கதையோடு ஒரு கோடை லீவு கேம் எடுத்தார். சர்க்கஸ் கம்பெனிப் பையன் ஒருவன் கிராமத்தில் கழிக்கும் 1999 ஆகஸ்ட். 2000ல் அவர் முதல் கேமை எடுத்தபோது ஏங்கிப் பார்க்க 1975க்குப் போக வேண்டியிருந்தது, இப்போது 1999 போதுமானதாக இருக்கிறது. 90களில் பிறந்தவர்கள் இதைக் கொஞ்சம் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று 'ஷிரோவும் நிலக்கரி ஊரும்'. 2024 பிப்ரவரியில் ஜப்பானிலும், அக்டோபரில் உலகம் முழுக்கவும் வந்தது. இதை எடுத்தது வேறு குழு. முதல் கேம் மிட்ஸியின் ஊர்ப்பக்கம் என்றால் இது வடக்கே அகிட்டா, ஹேரியின் ஊர்ப்பக்கம். ஒருநாள் நாய் ஷிரோ உடம்பெல்லாம் கரி அப்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. எங்கே போய் வந்தது என்று பின்னாலேயே போகும் ஷின்சான் ஒரு விசித்திர ரயிலில் ஏறி, நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் போய் இறங்குகிறான். அங்கேயும் மூட்டை முடிச்சோடு குடும்பம் கிளம்பியது ஹேரியின் ஆபீஸ் வேலைக்காகத்தான்.